ஏழு கைகளும் மூன்று மார்க்கர் பெட்டிகளும்

கடந்த வருடம் எங்கள் வகுப்பறைச் சுவருக்கென்று ஒரு பெரிய பிரிஸ்டல் போட்டில் ஏழு கைகள் வரைந்தேன். நடுவில் விரித்த புத்தகம் ஒன்று. அதைச் சுற்றிவர நின்று தாங்கிப் பிடிக்கும் ஏழு கைகள். முகங்களை வரைந்தால் “நான் இப்படியா இருக்கிறேன்?” என்று ஏழு பேரும் சண்டைக்கு வருவார்கள், கை என்றால் தொல்லையில்லை என்று நினைத்தோம். ஆளுக்கொரு இடைவேளை வீதம் சிநேகிதிகள் மேசையில் கையை வைத்துக்கொண்டிருக்க, நான் பென்சிலால் கீறி எடுத்தேன். கோடுகள் நன்றாகவே வந்தன. நிறம் தீட்டியதில்தான் எல்லாம் கெட்டது.

என்னிடம் அப்போது இருந்தது பெருநாள் காசில் வாங்கிய அறுபது நிற மார்க்கர் பெட்டி. அதில் ‘ஸ்கின்’ என்று பெயர் எழுதிய பேனைகள் நான்கு. நான்குமே வெளிறிய ரோஸ். ஏழு கைகளில் இரண்டுக்குத்தான் அவை ஓரளவாவது பொருந்தின. நான்கு கைகளுக்கு ஏதோ ஒரு கபில நிறத்தைப் பூசிச் சமாளித்தேன். மிச்சமிருந்த ஒரு கைக்குச் சொக்லட் நிறப் பேனையை எடுத்து, நிழல் விழும் இடங்களுக்குக் கறுப்பையும் சாம்பலையும் தீட்டினேன். அந்தக் கையின் சொந்தக்காரி வந்து தன் கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “என்ட கை இவ்வளவு கறுப்பா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு சட்டைக் கையை விரல் நுனிவரை இழுத்து விட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

கறுப்பாக இருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றுமே இல்லை. ஆனால் அது அவளுடைய கை அல்லவே! அவளுடைய கை பழுத்த பேரீச்சம்பழத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தால் தெரிகிற கபிலம். உள்ளே ஒரு செம்மை இருக்கும். நான் வரைந்தது அடுப்புச் சாம்பல் படிந்த மரக்கட்டை போல, இரத்த ஓட்டமே இல்லாமல் கிடந்தது. மற்ற ஆறு பேருக்கும் கை வரைந்தேன், அவளுக்கு மட்டும் கையைப் போன்ற ஏதோ ஒன்றை வரைந்தேன் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

டிசம்பர் விடுமுறை முழுக்க நான் செய்த வேலை இதனால் வந்ததுதான். என் பெட்டி, சாச்சாவின் மகள் இரவல் தந்த எண்பது நிறப் பெட்டி, வாப்பாவுடன் புறக்கோட்டைக்குப் போய் வாங்கிய இருபத்துநான்கு நிறத் ‘தோல் நிறப்’ பெட்டி ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு, மலிவு மார்க்கரால் நம்மவர்களின் கையை உள்ளபடி வரைய முடியுமா என்று சோதித்துப் பார்த்தேன். பெட்டிகளின் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பெரிய பிரயோசனம் இல்லை. பெயர்கள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. சோதிக்கும் முறை மாறாது.

முதல் தடை வீட்டுக்குள்ளேயே வந்தது. “என்ன மார்க்கர் என்டு சொன்ன?” என்று உம்மும்மா கேட்டார். “அற்ககோல் மார்க்கர்” என்றேன். கையிலிருந்த பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கொரோனா காலத்தில் வாசலில் வைத்து எல்லோர் கையிலும் தெளித்தோமே, அதே வகைத் திரவம்தான், குடிக்கும் பொருள் அல்ல, சாயத்தைக் கரைத்து வைப்பதற்காகச் சேர்க்கிறார்கள் என்று விளக்கினேன். வாப்பா பள்ளிவாசல் மௌலவியிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வந்த பிறகுதான் உம்மும்மாவின் முகம் தெளிந்தது. இருந்தாலும் அந்தப் பெட்டியைக் குர்ஆன் வைக்கும் அலுமாரிப் பக்கம் வைக்க இன்றுவரை விடுவதில்லை.

இந்த மை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல மருதோன்றியை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. போஸ்டர் கலர் கடதாசியின்மேல் சுண்ணாம்புப் பூச்சு மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. காய்ந்ததும் சுரண்டினால் உதிரும். அதிலுள்ளது கரையாத நிறப்பொருள். மார்க்கரில் இருப்பதோ கரைந்த சாயம். மருதோன்றி தோலுக்குள் ஊறுவது போல இது கடதாசியின் நாருக்குள் ஊறுகிறது. மருதோன்றியை ஒரு தடவை வைத்தால் செம்மஞ்சள், இரண்டாம் தடவை வைத்தால் கடும் சிவப்பு. மார்க்கரும் அப்படியே. ஒரே பேனையை ஒரு பூச்சு, இரண்டு பூச்சு, மூன்று பூச்சு என்று தீட்டினால் மூன்று அளவு கருமை கிடைக்கிறது. அடியில் உள்ள நிறம் மேல்நிறத்தினூடாகத் தெரிந்துகொண்டே இருக்கும். எனவே கடும் நிறத்தின்மேல் மெல்லிய நிறத்தைப் பூசி அதை வெளுக்க வைக்க முடியாது.

சாயத்தைக் கரைத்து வைத்திருக்கும் எதனோல் அல்லது ஐசோபுரொப்பைல் அற்ககோல் தண்ணீரை விட விரைவாக ஆவியாகிவிடுகிறது. அதனால் கடதாசி நெளிவதில்லை. நாம் பொதுவாகப் ‘பிளாட்டிக்னம்’ என்று சொல்கிற தண்ணீர்ச் சாயப் பேனையால் ஒரே இடத்தில் நாலைந்து தடவை தேய்த்தால் கடதாசி திரிதிரியாக எழும்புமே, அந்தத் தொல்லை இதில் குறைவு. முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே அடுத்த நிறத்தை அதன் ஓரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால் இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடும். காய்ந்தபின் சேர்த்தால் நடுவில் கோடு நிற்கும். ஆகவே இந்தப் பேனையால் வரைகிறவர்கள் வேகமாக வரைய வேண்டியிருக்கிறது. தண்ணீர் குடிக்க எழும்பிப் போனால் கதை முடிந்தது.

இந்த வகை மார்க்கர்களில் ஓவியர்கள் பெரிதாகப் பேசுவது ஜப்பானின் கொப்பிக். 1987 இல் வந்தது. பெயரைக் கேட்டதும் சீ.ஆர். கொப்பி ஞாபகத்துக்கு வரலாம். உண்மையில் போட்டோக்கொப்பியிலிருந்து வந்த பெயர் அது. பிரதி எடுத்த படத்தின் கரிய மையைக் கரைக்காத மார்க்கர் என்பதுதான் அதன் சிறப்பு. அதன் நிறங்களுக்கு ஓர் ஒழுங்கும் உண்டு. ஆங்கில ‘ஈ’ எழுத்தில் தொடங்குபவை மண் நிறக் குடும்பம். தோல் நிறங்களில் பெரும்பாலானவை அதற்குள்தான் இருக்கின்றன. எழுத்துக்குப் பின்னால் வரும் கடைசி இலக்கம் கூடக்கூட நிறம் கருமையாகும். மை தீர்ந்தால் நிரப்பிக்கொள்ளலாம், முனையையும் மாற்றலாம். ஆனால் அதில் ஒரு பேனை வாங்கும் காசுக்கு மலிவு வகையில் ஒரு சின்னப் பெட்டியே வாங்கிவிடலாம். என் மூன்று பெட்டிகளிலும் இலக்கங்கள் இருந்தன, ஒழுங்கு எதையும் நான் காணவில்லை. 25ஆம் பேனை வெளிறிய ரோஸ், 26ஆம் பேனையோ கிளிப்பச்சை என்ற மாதிரி.

ஆகையால் முதல் வேலை, மூடியின் நிறத்தை நம்பாமல் ஒவ்வொரு பேனையையும் தீட்டிப் பார்ப்பது. நான் வரையப்போகும் அதே பிரிஸ்டல் போட்டில் தீப்பெட்டி அளவில் கட்டங்கள் அடித்து, ஒவ்வொன்றிலும் பாதிக்கு ஒரு பூச்சும் மீதிப் பாதிக்கு இரண்டு பூச்சும் தீட்டினேன். ஈரமாக இருக்கும்போது எல்லாம் கருமையாகத்தான் தெரியும். காய்ந்ததும் ஒரு படி வெளுக்கும். அதனால் கால் மணி நேரம் பொறுத்துத்தான் குறிப்பெழுத வேண்டும். மூன்று பெட்டிகளிலும் சேர்த்துத் தோலுக்கு உதவக்கூடும் என்று நான் பொறுக்கியவை நாற்பத்தொரு பேனைகள். அவற்றில் பதினெட்டின் மூடி ஒரு நிறத்தைச் சொன்னது, மை வேறொரு நிறத்தைச் சொன்னது. ‘மணல்’ என்று எழுதிய பேனை மஞ்சள் கறியாக வந்தது.

விலை குறைந்ததால் மை மோசமாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. கரைந்து சேர்வதில் மூன்றும் நன்றாகவே இருந்தன. குறை வேறிடத்தில் இருந்தது. வெளிறிய ரோஸில் பத்துப் படிகள் இருக்கின்றன. பிறகு ஒரே பாய்ச்சலில் சொக்லட். இடையில் இருக்கும் பொதுநிறங்கள், அதாவது நம் வகுப்பில் பாதிப் பேரின் நிறங்கள், ஒன்றிரண்டுக்கு மேல் கிடையாது. ‘தோல் நிறப்’ பெட்டியில்கூட இருபத்துநான்கில் பதினைந்து வெளிறியவை. எங்கள் தெருவில் அந்தப் பதினைந்து நிறத்திலும் ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது.

இது இந்தப் பெட்டிகளோடு தொடங்கிய கதை அல்ல. நாம் முதலாம் ஆண்டில் பாவித்த கலர் பென்சில் பெட்டியிலும் ‘தோல் நிறம்’ என்று ஒன்று இருந்தது. அதைக் கையில் வைத்துப் பார்க்க யாருக்குமே தோன்றவில்லை. அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் ‘சதை நிறம்’ என்று பெயரிட்டிருந்த தன் கிரயோனை 1962 இல் ‘பீச்’ என்று மாற்றியது. தென்கொரியாவில் இந்த மாற்றத்தில் பிள்ளைகளுக்கே பங்குண்டு. அங்கே ‘தோல் நிறம்’ என்ற பெயர் பாகுபாடானது என்று மனித உரிமைகள் ஆணைக்குழு 2002 இல் சொன்னதால் வேறு பெயர் வைத்தார்கள். அந்தப் புதுப் பெயர் சிறுவர்களுக்கு விளங்காத கடினமான சொல்லாக இருக்கிறது என்று மாணவர்கள் சிலர் முறையிட்டார்கள். 2005 இல் அது ‘அப்ரிகொட் நிறம்’ என்று பொருள்படும் எளிய சொல்லாக மாறியது. ஒரு பென்சிலின் பெயருக்காக அவர்கள் எடுத்த சிரமம் எனக்குப் பிடித்திருந்தது.

சரி, கைக்கு வருவோம். தோலின் நிறத்தை ஒரு கட்டத்தின் நிறத்தோடு கண்ணால் ஒப்பிடுவது நினைப்பதைவிடக் கஷ்டம். வெள்ளைக் கடதாசிக்கு நடுவில் இருக்கும்போது எந்த நிறமும் உள்ளதைவிடக் கருமையாகத் தெரியும். நான் முதலில் ஏமாந்ததும் இதில்தான். பிறகு கண்டுபிடித்த வழி, தீட்டிய கட்டத்தின் நடுவில் கோப்புகளுக்குத் துளையிடும் பஞ்ச்சினால் ஒரு துளை போடுவது. அட்டையைக் கையின்மேல் வைத்தால் துளையினூடாகத் தோல் தெரியும், சுற்றிவர மை இருக்கும். இரண்டும் பொருந்தினால் துளையே மறைந்துபோன மாதிரி இருக்கும். இதைக் காலை நேரத்தில் ஜன்னலோரம் செய்யுங்கள். இரவில் மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் பார்த்தால் எல்லோரும் செம்மஞ்சளாகவே தெரிவார்கள்.

அஞ்சலிகா டாஸ் என்ற பிரேசில் நாட்டுப் புகைப்படக் கலைஞர் 2012 முதல் இதையே பெரிய அளவில் செய்து வருகிறார் என்று பிறகு அறிந்தேன். ஆளைப் படமெடுத்து, மூக்கிலிருந்து பதினொன்றுக்குப் பதினொன்று புள்ளிகள் கொண்ட சின்னத் துண்டின் நிறத்தை எடுத்து, அதையே படத்தின் பின்னணி முழுக்க நிரப்பி, அச்சுக்கூடங்கள் பாவிக்கும் பான்டோன் அட்டவணையில் அதற்கு உரிய இலக்கத்தைக் கீழே எழுதுகிறார். ஆயிரக்கணக்கானோரின் படங்கள் அதில் இருக்கின்றன. கறுப்பு, வெள்ளை என்று நாம் சொல்லிக்கொள்ளும் இரண்டு நிறத்திலும் ஒருவர்கூட இல்லை.

துளை அட்டையோடு எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கைகளைப் பார்த்தபோது, ஒரே கைக்கு ஒரு நிறம் போதாது என்பதும் தெரிந்தது. தோலின் நிறத்துக்கு முக்கிய காரணம் மெலனின். அது இரண்டு வகை: ஒன்று கபிலமும் கறுப்பும் சார்ந்தது, மற்றது மஞ்சளும் சிவப்பும் சார்ந்தது. இவற்றோடு தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தின் ஈமோகுளோபின் தரும் செம்மையும் சேருகிறது. உள்ளங்கையில் மெலனின் மிகக் குறைவு. ஆகவே எவ்வளவு கருமையான கையானாலும் உள்ளங்கை ரோஸ் கலந்து வெளுத்திருக்கும். விரல் மூட்டுகளின் மேல் தோல் கருத்திருக்கும். நகத்தடியிலும் விரல் நுனியிலும் இரத்தம் எட்டிப் பார்க்கும். உம்மும்மாவின் புறங்கையில் நரம்புகள் இருக்கும் இடத்தில் பச்சை கலந்த நீலம் தெரிந்தது. “என்ட கையில என்னடி தேடுற?” என்று கேட்டபடியே கையை நீட்டிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் அவர் கையை இவ்வளவு கவனமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இனி, பெட்டியில் இல்லாத பொதுநிறங்களை எப்படி உண்டாக்குவது? கபிலம் என்பது தனியான ஒரு நிறமல்ல, ஒளி குறைந்த செம்மஞ்சள்தான். வெளிறிய தோலும் கருத்த தோலும் நிற வட்டத்தில் ஏறக்குறைய அதே செம்மஞ்சள் பகுதியில்தான் நிற்கின்றன. வெளிச்சத்தின் அளவும் செறிவுமே வேறு. செம்மஞ்சளுக்கு எதிரே நிற்பது நீலம். எதிர் நிறங்கள் சேர்ந்தால் ஒன்றையொன்று அடக்கும் என்பது சித்திரப் பாடத்தில் எல்லோரும் படித்ததே. எனவே மெல்லிய செம்மஞ்சளை முதலில் தீட்டி, காய்ந்ததும் அதன்மேல் நீலச் சாயல் கொண்ட வெளிறிய சாம்பலை ஒரே பூச்சாகப் பூசினேன். என் கண்முன்னே அது கபிலமானது! எங்கள் உம்மாவின் கை நிறத்துக்கு அரைப் படி தள்ளி. அதன்மேல் மஞ்சள் கலந்த மணல் நிறம் ஒரு பூச்சு, துளை மறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு கட்டம் கட்டமாகச் சமையல் குறிப்புப் போல எழுதத் தொடங்கினேன். செம்மஞ்சள் ஒன்று, சாம்பல் ஒன்று, மணல் ஒன்று: உம்மா. பீச் இரண்டு, தேன் நிறம் ஒன்று: நான். செம்மஞ்சள் இரண்டு, நடுத்தரக் கபிலம் ஒன்று: வாப்பா, ஆனால் முழங்கைக்குக் கீழே மட்டும். சட்டைக் கைக்குள் இருக்கும் வாப்பா வேறு ஆள். அடியில் போடும் நிறத்தை மாற்றினால் அதே கபிலப் பேனை வேறு வேறு தோல்களாக வருகிறது. கீழே ரோஸ் போட்டால் சிவந்த சாயல், மஞ்சள் போட்டால் பொன் சாயல். ஆறேழு பேனைகளை வைத்து இருபத்தாறு நிறங்கள் வரை போனேன். ‘தோல் நிறம்’ என்று பெயர் எழுதிய பேனைகளில் எனக்குத் தேவைப்பட்டவை இரண்டே இரண்டு.

நிழலில்தான் நான் சிநேகிதிக்குச் செய்த பிழை இருந்தது. தோல் நிழலுக்குப் போகும்போது அதன் செம்மை அணைந்துவிடுவதில்லை. கறுப்பையும் சாம்பலையும் கடைசியில் மேலே பூசினால் அந்தச் செம்மையைக் கொன்றுவிடுகிறோம். சாம்பல் படிந்த மாதிரி ஆகிறது. மேலே நான் சொன்ன சாம்பல், செம்மஞ்சளைக் கபிலமாக்க நடுவில் போடும் மெல்லிய பூச்சு மட்டுமே. அதன்மேல் மறுபடியும் சூடான நிறம் வர வேண்டும். நிழலுக்கு ஊதாவை எடுங்கள். ஊதாவை முதலில் நிழல் விழும் இடத்தில் மெதுவாகத் தீட்டிவிட்டு, அதன்மேல் கை முழுவதற்கும் உரிய கபிலத்தைக் கொண்டுபோங்கள். ஆழமான இடங்களுக்குச் சிவப்புச் சாயலுள்ள கடும் கபிலம். ஒளி விழும் இடத்தை அடிநிறத்தோடு விட்டுவிட வேண்டும். கருத்த தோலில் ஒளி பளிச்சென்று தெறிக்கும். ஜன்னலோரமாக இருந்தால் அந்தப் பளிச்சில் வானத்தின் நீலமும் கொஞ்சம் இருக்கும். வெளிறிய தோலில் அது அவ்வளவாகத் தெரியாது. வரைவதற்கு எது கூடுதல் சுவையானது என்று கேட்டால், கருத்த கை என்றே சொல்வேன்.

கடதாசி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பாதித் தோல்வி அதில்தான். போட்டோக்கொப்பிக் கடதாசியில் மை பின்பக்கம் போய், அதற்கடியில் இருந்த மேசை விரிப்பிலும் இறங்கியது. (உம்மாவுக்கு அந்த விரிப்பைப் பற்றி இன்னும் தெரியாது, இதை வாசிக்கும்போது தெரிந்துவிடும்.) சீ.ஆர். கொப்பித் தாளில் கோட்டைத் தாண்டி மை பரவியது. சித்திரக் கொப்பியின் சொரசொரப்பான தாள் மையை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. நிறம் கரைந்து சேர நேரம் தருவதில்லை. மொழுமொழுப்பான பிரிஸ்டல் போட்டே நம் காசுக்கு நல்லது. அதற்கும் அடியில் ஒரு பழைய அட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு போடும் பேனையும் அப்படியே. சாதாரண போல்பொயின்ட் பேனையின் கோடு மார்க்கர் பட்டதும் நீலமாக இழுபட்டது. ஜெல் பேனை ஒன்று தப்பியது, மற்றொன்று கலங்கியது. பாதுகாப்பான வழி, பென்சில் படத்தைக் கறுப்புப் பேனையால் கீறி, கடையில் தடித்த தாளில் போட்டோக்கொப்பி எடுத்து அதன்மேல் தீட்டுவது. நான் சோதித்த மூன்று மையிலும் பிரதியின் கறுப்புக் கோடு அசையவில்லை. பிழைத்தாலும் இன்னொரு பிரதி இருக்கும்.

பெற்றோர் கேட்கும் கேள்வி காசு. வாப்பா என்னிடம் கேட்டது, “இது எத்தன நாளைக்கு மகள் நிக்கும்?” என்பதுதான். மூடியை ‘டக்’ என்று சத்தம் வரும்வரை மூடி, பேனையைக் கிடையாக வைத்தால் நீண்ட நாள் நிற்கும். இரண்டு பக்கமும் முனை இருப்பதால் நிமிர்த்தி வைத்தால் மை ஒரு பக்கமாக இறங்கிவிடும். காய்ந்துபோகும் பேனைக்குள் ஐசோபுரொப்பைல் அற்ககோல் சில துளிகள் விட்டால் சாயம் மிச்சமிருக்கும்வரை உயிர் வரும், நிறம் மட்டும் கொஞ்சம் வெளுக்கும். போன் திருத்தும் கடைகளில் இது இருக்கும். சில சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் போன்றவை கலந்திருப்பதால் கடதாசியில் எண்ணெய்க் கறை விழும். இது எரியக்கூடிய திரவம், அடுப்பிருக்கும் பக்கம் கொண்டுபோக வேண்டாம். தீட்டும்போது ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். வாயில் எதையும் வைக்கும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெட்டியை உயரத்தில் வையுங்கள்.

எண்பது நிறம், நூற்றிருபது நிறம் என்று பிள்ளை கேட்டால் வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று சொல்வதற்காக என் தங்கச்சி என்னை மன்னிக்க வேண்டும். தனிப் பேனையாக விற்கும் கடை கிடைத்தால் எட்டுப் போதும்: மெல்லிய செம்மஞ்சள், பீச், மணல் மஞ்சள், நடுத்தரக் கபிலம், சிவப்புச் சாயலுள்ள கடும் கபிலம், நீலச் சாம்பல், வெளிறிய ஊதா, ரோஸ். தனியாகக் கிடைக்காவிட்டால் மிகச் சிறிய பொதுப் பெட்டியே ‘தோல் நிறப்’ பெட்டியை விடப் பிரயோசனமானது. ஏனெனில் அதில்தான் சாம்பலும் ஊதாவும் இருக்கும்.

ஒரு குறையை மறைக்கக்கூடாது. கட்டங்களில் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் நான்கு வாரம் ஒட்டி வைத்திருந்தேன். திறந்து பார்த்தபோது ரோஸ் பாதியாகியிருந்தது. ஊதா மங்கியிருந்தது. கபிலங்கள் செம்மை இழந்து மஞ்சள் பக்கம் சாய்ந்திருந்தன. மருதோன்றி போலத்தான், கரைந்த சாயம் வெளிச்சத்தில் நீண்ட நாள் நிற்பதில்லை. விலை கூடிய மார்க்கருக்கும் இந்தக் குணம் உண்டு. வைத்திருக்க விரும்பும் படத்தை முதலில் போனில் படமெடுத்துவிடுங்கள், பிறகு வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

தவணை தொடங்கியதும் பழைய படத்தைக் கழற்றிவிட்டுப் புதிதாக வரையலாமா என்று வகுப்பில் கேட்டேன். ஏழு பேரில் ஆறு பேர் உடனே கையை நீட்டினார்கள். அவள் நீட்டவில்லை. துளை போட்ட அட்டையை மட்டும் வாங்கி, இடைவேளையில் தானே தன் கையில் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடிக்கும் நேரத்தில், “இந்தத் துளையில என்ட தோல் தெரியல்ல” என்று ஒரு கட்டத்தைக் காட்டினாள். செம்மஞ்சள் இரண்டு, நடுத்தரக் கபிலம் இரண்டு, நிழலுக்கு ஊதா. அதன் கீழே பெயர் எழுதாமல் விட்டிருந்தேன். அவளே பேனையை வாங்கி எழுதினாள்.

அடுத்த நாள் மேசையில் கையை வைத்தாள். இரண்டு இடைவேளைகள் எடுத்தன. முடிந்ததும் போன வருடத்தைப் போலவே கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நகத்துக்குப் பக்கத்துல இன்னும் கொஞ்சம் ரோஸ் வேணும்” என்றாள்.

பார்த்தேன். வேண்டித்தான் இருந்தது.